முதல் பத்து நிமிஷம் குரல் நடுங்குகிறது, வழி சொல்லுங்கள்

ஐந்தரைக்கட்டை எழுதியது:

கர்நாடக சங்கீதம், வாய்ப்பாட்டு. டிசம்பர் மூன்றாம் வாரம் ஒரு சபாவில் மத்தியான ஸ்லாட், ஒன்றரை மணி நேரம். பக்கவாத்தியம் வயலின், மிருதங்கம். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

வீட்டில் பாடும்போது ஒரு குறையும் இல்லை. மேடையில் உட்கார்ந்தால்தான் ஒவ்வொன்றாக ஆரம்பிக்கிறது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. முதலில் பாடும் வர்ணம் நினைத்ததைவிட வேகமாகக் கிளம்பிவிடுகிறது. நீண்ட கார்வையில் (ஒரே ஸ்வரத்தில் நிற்கும்போது) குரல் ஆடுகிறது, மேல் ஷட்ஜத்தில் (மேல் ஸ) மூச்சு நிற்பதில்லை. மூன்றாவது உருப்படி வரும்போது இதெல்லாம் அடங்கிவிடும், ஆனால் சரணத்தில் வரி மறந்துவிடுமோ என்ற பயம் மங்களம் வரைக்கும் போகாது.

"பழகப் பழகச் சரியாகிவிடும்" என்பதைத் தவிர ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். சிலர் மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள் என்று கேள்வி. அது உண்டா?

---

வீணைக்காரி எழுதியது:

மூன்றாவது உருப்படியில் அடங்கிவிடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பாதி பதில் அதில் இருக்கிறது. அட்ரினலின் ஏறுகிற விதமே அப்படித்தான். கிளம்பும்போது உச்சத்தில் நிற்கும், பிறகு தானாக வடியும். ஒன்றரை மணி நேரத்துக்கும் தைரியம் தேடி அலைய வேண்டாம். முதல் கால் மணி நேரத்தைச் சேதமில்லாமல் தாண்டுகிற மாதிரி கச்சேரியை அமையுங்கள்.

உருப்படியிலிருந்து ஆரம்பிக்கலாம். அட தாள வர்ணம் எடுத்து வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். 14 அட்சரத்தை எண்ணிக்கொண்டே இரண்டு காலம் (இரண்டு வேகத்தில்) பாடுவது நடுங்குகிற கைக்கு ஏற்ற வேலை இல்லை. ஐந்து வருஷமாவது பாடிப் பழகிய ஆதி தாள வர்ணம் போதும். அடுத்த கிருதி (பாட்டு) மத்திம காலத்தில், நடுத்தர வேகத்தில் இருக்கட்டும், எடுப்பு (தொடக்கம்) மத்திய ஸ்தாயியில் இருக்கட்டும். மேல் ஷட்ஜத்தில் நின்று கார்வை கொடுக்கிற இடமெல்லாம் இருபது நிமிஷம் கழித்து வரட்டும். விளம்ப கால (மெதுவான) கிருதியை இரண்டாவதாகப் போடுவது பெரிய வித்வான்களுக்கு அழகாக இருக்கும். உங்கள் பிரச்சினைக்கு அதுதான் பொறி.

வேகம். படபடப்பில் இருக்கிறவருக்குச் சரியான காலப்பிரமாணமே இழுவையாகத் தோன்றும், அதனால் தெரியாமலே தள்ளிக்கொண்டு போவோம். வீட்டில் சுகமாகப் பாடுகிற வேகத்தை மெட்ரோனோமில் அளந்து எண்ணாக எழுதி வையுங்கள். நிமிஷத்துக்கு 66 தட்டு என்று வைத்துக்கொள்வோம். மேடையில் அது 74 ஆனால் முதல் காலத்தில் யாருக்கும் தெரியாது. இரண்டாம் காலத்தில் கமகமெல்லாம் வழுக்கிவிடும், மூச்சு எடுக்கிற இடமும் போய்விடும். கிரீன் ரூமில் போனைக் காதில் வைத்து அந்த 66ஐ ஒரு நிமிஷம் கேளுங்கள், தொடையில் தட்டிப் பாருங்கள். "இழுக்கிறதே" என்று தோன்றினால் சரியான வேகத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். மிருதங்கக்காரரிடமும் முன்னாடியே பாடிக் காட்டிவிடுங்கள்.

இதை யாரும் சொல்வதில்லை: பாவாடை நாடா. நின்றுகொண்டு இறுக்கிக் கட்டிவிட்டுச் சம்மணம் போட்டால் வயிறு விரிய இடம் இருக்காது, மூச்சு மார்புக்கு ஏறிவிடும். வீட்டில் நைட்டியில் பாடுகிற உடம்பும் பட்டுப்புடவையில் உட்காருகிற உடம்பும் ஒன்றில்லை. உட்கார்ந்து பார்த்து நாடாவைக் கட்டுங்கள். கடைசி இரண்டு வாரம் புடவை கட்டிக்கொண்டே சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்யுங்கள். ஆண்களுக்கு வேட்டி பெல்ட், அதே கதை.

---

ரசிகன் எழுதியது:

மேடை ஏறுவதற்கு முன் பத்துத் தடவை நன்றாக ஆழமா மூச்சை இழுத்து விடுங்க. ஒரு ஸ்பூன் தேன். கண்ணை மூடி குருவை நினைச்சுக்கோங்க. அவ்வளவுதான் மேடம்.

---

வீணைக்காரி எழுதியது:

ரசிகன் சார், குருவை நினைப்பதில் ஆட்சேபம் இல்லை. ஆழமாக இழுப்பதில் உண்டு. படபடப்பில் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு இழுத்துக்கொண்டிருப்போம். இன்னும் வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை லேசாகும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். அதைப் பார்த்து இன்னும் பயம் வரும்.

கவனம் வெளிமூச்சில் இருக்க வேண்டும். மூக்கு வழியாகச் சாதாரணமாக 4 எண்ணும் வரை உள்ளே. பிறகு உதட்டைக் குவித்து, சூடான காப்பியை ஊதுகிற மாதிரி 6 எண்ணும் வரை வெளியே. ஒரு எண்ணுக்கு ஒரு விநாடி வைத்தால் நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிஷம் போதும். கச்சேரியன்றுதான் முதல் தடவை செய்தால் பலிக்காது, இன்றிலிருந்து தினமும் செய்யுங்கள்.

நாக்கு ஒட்டுவதற்கு: வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு வாய்க்கு மேல் வேண்டாம், உருப்படிக்கு உருப்படி. வர்ணத்துக்கு முன் நாக்கின் ஓரத்தைப் பல்லால் லேசாக அழுத்தினால் எச்சில் ஊறும். காப்பி கை நடுக்கத்தைக் கூட்டும், ஆனால் தினமும் குடிக்கிறவர் அன்றைக்கு அடியோடு நிறுத்தினால் தலைவலி வரும், பாதி டம்ளராகக் குறைத்துக்கொள்ளுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டு உட்கார்ந்தால் புளிப்பு தொண்டைக்கு எதிர்த்து வரும், இரண்டு மணி நேரம் முன்னாடியே முடித்துவிடுங்கள். கேண்டீன் அடை அவியல் கச்சேரிக்கு அப்புறம்.

---

கணக்குப்புலி எழுதியது:

மறதி பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை வீணைக்காரி அம்மா சொல்லிவிட்டார்.

சாகித்யம் (பாட்டு வரிகள்) மறப்பதற்குப் பெரும்பாலும் காரணம், பல்லவியிலிருந்து சங்கிலி மாதிரி ஓட்டியே பாடம் செய்திருப்பது. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்ததற்குப் பிடி கிடைக்காது. ஒவ்வொரு கிருதியிலும் நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அனுபல்லவி எடுப்பு, சரணத்தின் முதல் வரி, சரணத்தின் நடு, முத்திரை (பாட்டை இயற்றியவர் பெயர்) வரும் வரி. நான்கு சீட்டில் எழுதிக் குலுக்கி, எது வருகிறதோ அங்கிருந்து உடனே பாட வரவேண்டும். அப்புறம் ராகமே இல்லாமல் தாளம் மட்டும் போட்டு வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள். தெலுங்கு சம்ஸ்கிருத சாகித்யத்துக்குப் பதம் பிரித்து அர்த்தம் எழுதி வைத்தாலே பாதி மறதி போய்விடும். அர்த்தம் தெரியாத சத்தத்தை மூளை முதலில் கைவிடும்.

மேடையில் உண்மையிலேயே வரி போய்விட்டால் வாயை மட்டும் மூடாதீர்கள். முந்தின வரியைச் சங்கதி (அதே வரியை மெருகேற்றிப் பாடுவது) மாதிரி இன்னொரு தடவை பாடுங்கள், பல தடவை அதிலேயே அடுத்த வரி வந்துவிடும். வரவில்லையா, பல்லவிக்குத் திரும்பிவிடுங்கள். வயலின்காரர் உடனே பிடித்துக்கொள்வார். சிரித்துக்கொண்டு தலையை ஆட்டி "போச்சு" என்று காட்டினால்தான் பின்வரிசைக்கும் தெரியும்.

கல்பனாஸ்வரத்தில் (மேடையிலேயே கற்பனையாகப் பாடும் ஸ்வரம்) பயம் இருந்தால் சட்டைப்பையில் ஒரே ஒரு கோர்வை (முடிக்கிற கணக்கு) வைத்துக்கொள்ளுங்கள். ஆதி தாளம், ஒரு களை, எட்டுத் தட்டு, தட்டுக்கு நான்கு மாத்திரை (தாளத்தின் கால அளவு), மொத்தம் 32. லகு (முதல் நான்கு தட்டு) முடிந்து முதல் திருதத் தட்டில், அதாவது ஐந்தாவது தட்டில் ஆரம்பிக்கிறீர்கள், மீதி 16. நான்கு ஸ்வரம், 2 கார்வை, நான்கு ஸ்வரம், 2 கார்வை, நான்கு ஸ்வரம்: 4+2+4+2+4. சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) வந்து இறங்கும். மோகனத்தில் "கபதஸ்" என்று மூன்று தடவை போட்டாலே போதும்.

பாட்டின் எடுப்பு சமத்திலிருந்து அரைத் தட்டு தள்ளி இருந்தால் கார்வையை 3 ஆக்குங்கள், 18 வரும். ஒன்றரைத் தட்டு தள்ளி என்றால் கார்வை 5, மொத்தம் 22. ஆரம்பிக்கும் இடம் மாறவே மாறாது, அதுதான் இதன் சௌகரியம். படபடப்பில் எண்ண வேண்டியது ஒன்றே ஒன்று. இதைவிடப் பெரிய கணக்கெல்லாம் மேடை பயம் போன பிறகு.

---

மூன்றாம்வரிசை எழுதியது:

மாத்திரை கேட்டீர்கள். மருத்துவம் படித்தவன் என்ற முறையில் பதில்.

ப்ரொப்ரனலால் என்கிற பீட்டா பிளாக்கர்தான் நீங்கள் கேள்விப்பட்டது. அட்ரினலின் இதயத்தையும் தசையையும் தூண்டும் வழியை அடைக்கும். படபடப்பும் கை நடுக்கமும் குறையும். "மறந்துவிடுமோ" என்கிற கவலையை அது தொடாது. 1977ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஒன்றில், தந்தி வாத்தியம் வாசிக்கும் 24 பேருக்கு இதே வகையைச் சேர்ந்த ஆக்ஸ்பிரினலால் கொடுத்துப் பார்த்தார்கள். பதற்றம் குறைந்தது, வாசிப்பும் மேம்பட்டது. எனவே இது கட்டுக்கதை இல்லை.

ஆனால் வாய்ப்பாட்டுக்காரர் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். ஆஸ்துமா இருந்தால், சின்ன வயதில் வீசிங் இருந்திருந்தால்கூட, இது மூச்சுக்குழலை இறுக்கிவிடும், ஆபத்து. இதயத்துடிப்போ ரத்த அழுத்தமோ இயல்பிலேயே குறைவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரையின் படபடப்பு அறிகுறியை மறைத்துவிடும். ஈ.சி.ஜி., பி.பி. பார்த்து மருத்துவர் எழுதித் தந்தால், வழக்கமாக 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள், ஒரு மணி நேரம் முன்னால். முதல் தடவை கச்சேரி இல்லாத ஒரு நாளில் வீட்டில் போட்டுப் பார்ப்பது கட்டாயம். சிலருக்குக் கை குளிர்ந்து, உற்சாகமும் இறங்கி, பாட்டு தட்டையாகிவிடும். பக்கத்து மேடைக்காரர் நீட்டுகிற மாத்திரையை வாங்கிப் போடவே கூடாது. தூக்க மாத்திரை, மது இரண்டும் தாளத்தில்தான் முதலில் கை வைக்கும்.

நீங்கள் எழுதியிருக்கும் அளவுக்கு மாத்திரை தேவைப்படாது என்பது என் எண்ணம்.

---

நாலாம்தந்தி எழுதியது:

வயலின்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காக வில் நடுக்கம் பற்றி.

நீண்ட வில்லில்தான் ஆடும், அதுவும் நடுவில்லைத் தாண்டும்போது. பாடகர் ஆலாபனைக்குப் பின்னால் நிழலாகப் போகும்போது தெரியாது. அவர் முடித்து நம்மிடம் விட்டதும் முதல் ஷட்ஜம் அம்மணமாகக் கேட்கும். மேல் கையை மடக்குகிற தசையும் நீட்டுகிற தசையும் ஒரே நேரத்தில் இறுகி இழுபறி செய்வதுதான் காரணம். "நடுங்காதே" என்று கையைப் பிடித்துவைத்தால் இழுபறி கூடத்தான் செய்யும்.

பெருவிரலைப் பாருங்கள். பயத்தில் அது நிமிர்ந்து வில்லின் மரத்தைக் குத்திக்கொண்டிருக்கும். கணு மடங்கினால் மணிக்கட்டு தளரும். வில்லைக் காற்றிலிருந்து தந்திமேல் இறக்காதீர்கள், முதலில் தந்திமேல் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இழுங்கள். ஒரே வில்லில் முடிக்கிற கார்வையை அன்றைக்கு இரண்டு வில்லாகப் பிரித்துக்கொண்டால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. வில்லுக்குப் பூசுகிற ரோசின் முந்தின நாளே போட்டுவிடுங்கள், அளவாக. குறைந்தால் வில் வழுக்கும், அழுத்துவோம், அழுத்தினால் நடுங்கும். இடது கை வியர்த்தால் பவுடர் வேண்டாம், துடைத்துவிட்டுத் துளி தேங்காய் எண்ணெய்.

பயிற்சி: மூன்று மாடி படி ஏறி இறங்கி வந்து, இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து 12 விநாடிக்கு ஒரு வில். பாடுகிறவர்களும் இதையே வர்ணத்தின் முதல் வரிக்குச் செய்யலாம். படபடப்போடு பாடுவதற்கு உடம்பு பழக வேண்டும், அமைதியான அறையில் அது பழகாது.

---

ஐந்தரைக்கட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மெட்ரோனோமில் அளந்தேன், வீட்டில் 63. பழைய ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்தால் மேடையில் 72! இரண்டு சந்தேகம். ஆறு வாரத்தை எப்படிப் பிரிப்பது? மேடையில் மைக் விஷயத்தில் என்ன கேட்டு வாங்குவது?

---

வீணைக்காரி எழுதியது:

தினமும் காலையில் குரலைத் தட்டி எழுப்பாமலேயே வர்ணத்தின் முதல் இரண்டு நிமிஷத்தை ஒரே தடவை பாடிப் பதிவு செய்யுங்கள், மெதுவாக, கத்தாமல். சரியாக வராவிட்டாலும் மறுபடி கிடையாது. மேடையிலும் மறுபடி கிடையாதே. பிறகு வழக்கமான சாதகம்.

மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஒரு முழு ஒத்திகை, 90 நிமிஷம், நிறுத்தாமல், தப்பு வந்தாலும் ஓட்டிக்கொண்டு. முதல் தடவை வீட்டில் இரண்டு பேர் முன்னால். அடுத்தது ஏழெட்டு பேர், அதில் ஒருவராவது சங்கீதம் தெரிந்தவராக, உங்களுக்குக் கொஞ்சம் பயமானவராக இருக்கட்டும். கார்த்திகை பிறந்துவிட்டால் ஊரெல்லாம் ஐயப்பன் பூஜை, கேட்டால் இரண்டு பாட்டுக்கு இடம் கொடுப்பார்கள். தட்டு, மணி, குழந்தை அழுகை நடுவில் பாடுவதைப் போல ஒத்திகை வேறில்லை. கடைசி மூன்று நாள் புதிதாக எதையும் தொடாதீர்கள், சங்கதியைக்கூட மாற்றாதீர்கள்.

மைக்: ஃபீட்பேக்கில் (மேடையில் உங்கள் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர்) உங்கள் குரலும் சுருதியும் தெளிவாக, வயலின் பாதி, மிருதங்கம் அதைவிடக் குறைவு. உங்கள் குரல் உங்களுக்கே கேட்காவிட்டால் கத்துவீர்கள், பத்து நிமிஷத்தில் தொண்டை கட்டும். ரொம்பக் கேட்டால் சுருங்கிப்போவீர்கள். "மைக் அண்ணா, ஃபீட்பேக்ல சுருதி கொஞ்சம் ஏத்துங்க" என்று கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம், அது அவர் வேலை. தம்பூரா பெட்டியை முழங்காலுக்குப் பக்கத்தில் வையுங்கள். பக்கவாத்தியங்கள் சுருதி சேர்க்கிற இரண்டு நிமிஷம் உங்களுடையது, கண்ணை மூடி வாய் திறக்காமல் ஸ, ப, ஸ என்று முனகிக்கொண்டிருங்கள். ஏ.சி.யில் தோலும் தந்தியும் மாறும், அவர்கள் மறுபடி சேர்க்க நேரம் எடுத்தால் பதறாதீர்கள், அது உங்களுக்கு லாபம்.

பார்வைக்கு, கடைசி வரிசைக்கு மேலே சுவரில் ஒரு இடம். முன்வரிசை நோட்டுப்புத்தகக்காரர் பக்கம் அரை மணி நேரத்துக்குத் திரும்பவே வேண்டாம்.

---

ஐந்தரைக்கட்டை எழுதியது:

63 என்று எழுதி தம்பூரா பெட்டிமேல் ஒட்டிவிட்டேன். ஃப்ளாஸ்க் எதுவானாலும் பரவாயில்லையா?

---

வீணைக்காரி எழுதியது:

திருகு மூடி வேண்டாம். நடுங்குகிற கையால் மைக் முன்னால் திருகினால் கரகரவென்று ஹால் முழுக்கக் கேட்கும். அழுத்தினால் திறக்கிற மூடி, தாளம் போடாத கைப் பக்கம், மைக் ஸ்டாண்டுக்குப் பின்னால். தண்ணீரின் சூட்டைக் கிரீன் ரூமிலேயே குடித்துப் பார்த்துவிடுங்கள்.