வெளிவராத் தலையா, வெளியிடாத் தலையா?

ஐயா, வணக்கம்.

அச்சடித்து முடித்தும் விற்பனைக்கு விடாமலே போன தபால்தலைக்கு நீங்கள் சொன்ன 'வெளிவராத் தலை' காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டிஷ் அரச குடும்பத்துத் தொகுப்பில் உள்ள ஒரு கடித உறை அந்தச் சொல்லைப் பொய்யாக்கிவிடுகிறது.

ஏழாம் எட்வர்டு காலத்து 2 பென்னித் தலை இரு வண்ணம். இரண்டு தடவை அச்சில் ஏற்ற வேண்டும். அதற்குப் பதிலாக 1910இல் ஒரே வண்ணத்தில் ஒன்றைத் தயாரித்தார்கள். 'டைரியன் பிளம்' என்று பெயர். 2 கோடியே 40 லட்சம் அடித்து வைத்திருந்த நேரத்தில், மே 6 அன்று மன்னர் இறந்துபோனார். ஏறக்குறைய அத்தனையும் அழிக்கப்பட்டன. ஆனால் முந்தின நாளே ஒரு தலையை உறையில் ஒட்டி இளவரசருக்கு அஞ்சலில் போட்டிருந்தார்கள். முத்திரை விழுந்து, தந்தை இறந்த அன்றே அது மகனிடம் போய்ச் சேர்ந்தது. அஞ்சலில் சென்றதாகத் தெரிந்த டைரியன் பிளம் அது ஒன்றுதான். (அந்த மகன்தான் அடுத்து மன்னரான ஐந்தாம் ஜார்ஜ். தபால்தலை சேகரிப்பதில் பெரும் ஆர்வலர்!)

ஆக, அந்தத் தலை வெளியே வந்தது, கடிதத்தையும் சுமந்தது. தபால் துறைதான் அதை வெளியிடவில்லை. வருவது தலையின் வினை, இடுவது துறையின் வினை. அதனால் 'வெளியிடாத் தலை' என்பதே சரி என்கிறேன்.

'வெளியிடப்படாத' என்று நீட்ட வேண்டியதில்லை. 'எழுதாக் கிளவி' என்றால் எழுதப்படாதது என்று நமக்குப் புரிகிறதே!

இன்னொரு நண்பர் வடிவமைப்பு ஓவியங்களையும் சோதனை அச்சுகளையும் இதிலேயே சேர்க்கலாம் என்றார். எனக்கு உடன்பாடில்லை. ஐந்தாம் ஜார்ஜின் 328 சிவப்பு ஆல்பங்களில் அவையும் நிறைய உண்டு. அவற்றின் மதிப்பே தலை உருவாகும் படிகளைக் காட்டுவதில்தான் இருக்கிறது. அவற்றுக்கு 'வரைவு', 'மெய்ப்பு' என்று பதிப்புத் துறையில் புழங்கும் சொற்களே போதும். பசை தடவி, ஓரம் துளையிட்டு, கிழித்து ஒட்ட வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் நின்றுபோனது மட்டுமே வெளியிடாத் தலை.

கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது 'வெளியிடா தலை' என்று போட்டுவிட வேண்டாம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'த்' கட்டாயம் வரும்.