ஆம்னி பஸ் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைக்க எது தடுக்கிறது?

பொருநைக்கரை:
வேலை சென்னையில், ஊர் திருநெல்வேலி. பொங்கலுக்கு அரசு விரைவுப் பேருந்திலும் ரயிலிலும் இடம் கிடைக்காமல் கடைசியில் ஒரு ஆம்னி பஸ்ஸில், சாதாரண நாளில் வாங்குவதைப் போல மூன்று மடங்கு கொடுத்து அம்மாவுக்கும் எனக்கும் ஸ்லீப்பர் எடுத்தேன். ஒவ்வொரு பண்டிகைக்கும் "அதிகக் கட்டணம் வாங்கினால் நடவடிக்கை" என்று அறிக்கை வருகிறது, சுங்கச்சாவடியில் நின்று சோதிக்கிறார்கள். ஆனால் எதைவிட அதிகம்? டவுன் பஸ், மப்சல் பஸ் எல்லாவற்றுக்கும் அரசாணைப்படி கட்டணம் இருக்கும்போது ஆம்னிக்கு மட்டும் ஏன் இல்லை? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோர்ட்டுவாசல்:
சிக்கல் பெர்மிட்டில்தான் இருக்கிறது நண்பரே. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ஸ்டேஜ் கேரேஜ் பெர்மிட் வாங்கினால் வழித்தடம், நேரம் எல்லாம் குறித்துக் கொடுப்பார்கள், ஆளுக்கு ஆள் டிக்கெட் போட்டு வழியில் ஏற்றி இறக்கலாம். காண்ட்ராக்ட் கேரேஜ் என்பது கல்யாணத்துக்கோ டூருக்கோ வண்டியை மொத்தமாகப் பேசி விடுவது, தனித்தனி டிக்கெட்டுக்கு அதில் இடமில்லை. ஆம்னி பஸ்கள் ஓடுவது இந்த இரண்டாவது பெர்மிட்டிலோ அகில இந்திய சுற்றுலா பெர்மிட்டிலோதான், ஆனால் விற்பது என்னவோ சீட் சீட்டாக, அதுவும் ஊரறிய, மொபைல் ஆப்பில். இந்த நிலையில் "சென்னை–நெல்லை ஒரு சீட்டுக்கு இவ்வளவு" என்று அரசாணை போட்டால் சட்டத்தில் இல்லாத ஒன்றை அரசே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். அதனால்தான் எந்த அரசு வந்தாலும் உரிமையாளர் சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசுவதோடு நிறுத்திக்கொள்கிறது.

அதற்காக அதிகாரமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 67ஆம் பிரிவு காண்ட்ராக்ட் கேரேஜுக்கும் கட்டணம் நிர்ணயிக்க மாநில அரசுக்கு இடம் தருகிறது. 2018ல் மகாராஷ்டிரா அதைச் செய்தது: அங்கே அரசுப் பேருந்தில் அதே வகைக்கு என்ன கட்டணமோ அதன் ஒன்றரை மடங்குக்கு மேல் தனியார் வாங்கக் கூடாது.

இரவுவண்டி:
எங்கள் குடும்பத்தில் பஸ் ஓட்டுகிறோம், அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பண்டிகைக்கு முந்தின ராத்திரி சென்னையிலிருந்து நிரம்பிப் போகும் வண்டி திரும்பும்போது காலி. வார நடுவில் பாதி சீட்டுக்கு ஆள் இருக்காது. ஆனால் காலாண்டு வரி சீட் கணக்குக்குத்தான், ஆள் கணக்குக்கு இல்லை. நாகாலாந்து நம்பர் பிளேட்டோடு அத்தனை பஸ் இங்கே ஓடியதற்கு இங்கே இந்த வரி அதிகம் என்பதுதான் காரணம். 2024 ஜூனில் தமிழ்நாடு அப்படி வெளிமாநிலப் பதிவோடு ஓட்டுவதை நிறுத்தியது சரி, ஆனால் மாற்றாக எந்த பெர்மிட்டைக் கொடுத்தது? நெடுந்தூர வழித்தடங்கள் பெரும்பாலும் அரசுக் கழகங்களுக்கு ஒதுக்கியவை, அதில் தனியாருக்குப் புது ஸ்டேஜ் பெர்மிட் கிடைப்பது குதிரைக்கொம்பு. நேர்மையாகத் தொழில் செய்ய ஒரு வழி கொடுத்துவிட்டு உச்சவரம்பு வையுங்கள், நாங்கள் கட்டுப்படுகிறோம்.

மதுரை செல்வி:
கட்டணத்தை மட்டுமே பேசுகிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய கோபம் வேறு. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னாலேயே நியாயமான விலைக்கு எடுத்த டிக்கெட்டை, "வண்டி பழுது" என்று முந்தின நாள் ரத்து செய்தார்கள். அன்று மாலையே அதே நேரத்துக்கு அதே நிறுவனத்தின் பஸ் ஆப்பில் இரட்டை விலையில் இருந்தது. பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள், அதோடு அவர்கள் பொறுப்பு முடிந்துவிட்டதாம். அரசு பஸ்ஸோ தனியார் மப்சலோ, ஸ்டேஜ் பெர்மிட்டில் குறித்த நடையை ஓட்டியே ஆக வேண்டும், நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டும். ஆம்னிக்கு அந்தக் கடமையே கிடையாது. டிக்கெட் விற்றால் வண்டி ஓட வேண்டும், ஓடாவிட்டால் வேறு வண்டியில் அனுப்புவது அவர்கள் செலவு என்று பெர்மிட்டிலேயே எழுதாதவரை உச்சவரம்பு வந்தாலும் இப்படித்தான் ரத்து செய்வார்கள்.

கோர்ட்டுவாசல்:
செல்வி சொல்வதை நிபந்தனையாகவே எழுத முடியும். 2019 திருத்தத்தில் 67ஆம் பிரிவில் மூன்றாவது உட்பிரிவு சேர்ந்தது. அதன்படி மாநில அரசு போக்குவரத்துக்குத் தனித் திட்டம் வகுத்து அதன் கீழ் உரிமம் தரலாம், இருக்கிற பெர்மிட்டையும் மாற்றலாம். சீட் சீட்டாக விற்கும் இரவு பஸ்ஸுக்கென்று ஒரு உரிமம், அதில் உச்சவரம்பு, ரத்து செய்தால் இழப்பீடு, டிரைவருக்கு ஓய்வு நேரம். டெல்லி போய்க் கேட்க வேண்டியதில்லை, கோட்டையிலேயே முடிக்கலாம்.

பொருநைக்கரை:
அப்படியானால் மகாராஷ்டிரா மாதிரி ஒன்றரை மடங்கையே இங்கேயும் கேட்கலாம் அல்லவா?

இரவுவண்டி:
எதன் ஒன்றரை மடங்கு அண்ணா? இங்கே அரசுப் பேருந்துக் கட்டணம் 2018 ஜனவரிக்கு அப்புறம் ஏறவில்லை. அப்போது சென்னையில் டீசல் 70 ரூபாய்க்குக் கீழே, இப்போது 90க்கு மேல். அரசுக் கழகம் நஷ்டத்தை மானியத்தில் சரிக்கட்டும், எங்களுக்கு யார் தருவார்? டீசல், சுங்கக் கட்டணம், டயர் விலையோடு சேர்ந்து வருஷா வருஷம் மாறுகிற கணக்கு ஒன்று வேண்டும்.

கோர்ட்டுவாசல்:
அது நியாயம். அந்தக் கணக்கைப் போடும்போது சங்கங்களோடு பயணிகள் தரப்பையும் உட்கார வைக்க வேண்டும், இதுவரை எந்தப் பேச்சுவார்த்தைக்கும் நம்மை யாரும் கூப்பிட்டதில்லை.