ஃப்ளை ஆஷ் கான்கிரீட்: மறுநாளே ஷட்டரிங் பிரிக்க ஆக்சிலரேட்டர் போடலாமா?

தூண்காரன்: சிமெண்டில் 30 சதவீதத்தைக் குறைத்து ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) போடுகிறோம். 28ஆம் நாள் க்யூப் (சோதனைக்கு வார்க்கும் கான்கிரீட் கட்டி) ரிசல்ட் தேறிவிடுகிறது. ஆனால் மறுநாள் தூணின் ஷட்டரிங்கை (அச்சுப் பலகையை) பிரித்தால் ஓரம் உதிர்கிறது. இரவில் 12 டிகிரி. தண்ணீர்-பைண்டர் (சிமெண்ட்டும் சாம்பலும் சேர்ந்தது) விகிதம் 0.50. சீக்கிரம் இறுக வைக்கும் ஆக்சிலரேட்டர் கலக்கலாமா?

கலவைப்பித்தன்: தாராளமாக. கால்சியம் நைட்ரேட் போடுங்கள், முதல் நாளே வித்தியாசம் தெரியும்.

ஈரமணல்: 0.50-ஐ வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரா? ஃப்ளை ஆஷ் தானாக இறுகாது சார். சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது வெளிவரும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டுதான் மெல்ல வலு ஏறும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். முதல் நாள் அது பெரும்பாலும் வெறும் தூள். அன்றைய வலு மிச்சமுள்ள 70 சதவீத சிமெண்டின் கையில்தான். பிசிஇ வகை சூப்பர்பிளாஸ்டிசைசர் (குறைந்த தண்ணீரிலும் கலவையை இளக வைக்கும் மருந்து) சேர்த்து 0.40-க்கு இறக்குங்கள். துகள்கள் நெருங்கி உட்காரும், அதே சிமெண்ட் கூடுதல் வலு தரும்.

கலவைப்பித்தன்: நீங்கள் சொன்னது எனக்குத்தான் சாதகம். அந்த 70 சதவீதத்தைத்தானே நைட்ரேட் தட்டி எழுப்புகிறது? 12 டிகிரியில் சிமெண்டே சோம்பிக் கிடக்கும். பிசிஇ அளவு கூடினால் செட் ஆவது இன்னும் தள்ளிப்போகும். காலையில் தூண் பச்சைமண்ணாக நிற்கும்.

ஈரமணல்: குளிர் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘ஆக்சிலரேட்டர்’ என்று மொட்டையாகச் சொன்னால் யாராவது கால்சியம் குளோரைடைக் கொட்டிவிடுவார்கள். வேகத்தில் அதை அடிக்க ஆளில்லை, கம்பியை அரிப்பதிலும்தான். கம்பி உள்ள கான்கிரீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

கலவைப்பித்தன்: அதனால்தான் பெயர் சொல்லி நைட்ரேட் என்றேன்!

கம்பிகட்டி: சோடியம் சல்பேட் சாம்பலையே தூண்டும் என்கிறார்களே?

ஈரமணல்: தூண்டும். கூடவே கான்கிரீட்டில் காரமும் (அல்கலி) ஏறும். ஜல்லி அதற்கு வினைபுரியும் ரகமாக இருந்தால் சில வருடம் கழித்து விரிசல். ட்ரை எத்தனால் அமீன் என்ற இன்னொரு ஆக்சிலரேட்டரிலும் ஆபத்து உண்டு, அளவு தப்பினால் வேகப்படுத்த வேண்டியது தாமதப்படுத்தும்.

தூண்காரன்: அப்போ 0.40-இல் பிசிஇ மட்டும் போட்டு ஒரு செட் க்யூப், நைட்ரேட்டும் சேர்த்து இன்னொரு செட். 24 மணி நேரத்தில் உடைத்துப் பார்க்கிறேன். க்யூபை லேபில் வைக்கவா?

ஈரமணல்: தூணுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். லேப் தொட்டியின் வெதுவெதுப்பில் கிடந்த க்யூபுக்குக் குளிரில் நிற்கும் தூணைப் பற்றி என்ன தெரியும்?

கலவைப்பித்தன்: இதில் மட்டும் எனக்கும் அவருக்கும் சண்டையில்லை.