கோத்தகிரியில் நான் பழகிய செக்கோஸ்லோவாக்கிய ஓநாய் நாய்

செக்கோஸ்லோவாக்கிய ஓநாய் நாயைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அதன் முகத்தையும் கண்ணையும் பற்றியே நம்மவர்கள் பேசுகிறார்கள். அது எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இந்த இனத்துப் பெட்டை நாய் ஒன்று வளர்வதால், அதனோடு பழகி அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

அதை வளர்க்கும் அண்ணன் வேலை நிமித்தமாக ஸ்லோவாக்கியாவில் நெடுநாள் குடியிருந்துவிட்டு, குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது உரிய ஆவணங்களுடன் அதையும் அழைத்துவந்தார். நீண்ட கால்கள், சாய்ந்த மஞ்சள் கண்கள், சாம்பல் நிற உடலில் வெளிறிய முகம் என்று முதல் பார்வைக்கு முழு ஓநாயாகவே தெரியும். எங்கள் மலையில் ஓநாயைப் பார்த்துப் பழகியவர்கள் அரிது என்பதால், கொழுந்து பறிக்க வரும் அக்காமார் இதைச் செந்நாய் என்றே முதலில் எண்ணி, "காட்டுல புடிச்சாந்ததா அண்ணே?" என்று கேட்டார்கள். செந்நாய் வேறு பேரினத்தைச் சேர்ந்த காட்டு விலங்கு. நாய்க்கும் ஓநாய்க்கும் உள்ள நெருங்கிய உறவு அதற்கு இல்லை.

இந்த இனத்தின் வரலாறு 1955-இல் செக்கோஸ்லோவாக்கிய எல்லைக் காவல் படையில் நடந்த ஒரு பரிசோதனையில் தொடங்குகிறது. கரேல் ஹார்ட்ல் என்பவரின் முயற்சியில், பிரீத்தா என்ற கார்பேத்திய பெண் ஓநாயும் சேசார் என்ற ஜெர்மன் ஷெப்பர்டும் இணைந்து, 1958 மே 26 அன்று முதல் குட்டிகள் பிறந்தன. அந்த முதல் தலைமுறைக் குட்டிகள் தோற்றத்திலும் குணத்திலும் ஓநாயையே ஒத்திருந்தன. அவற்றைப் பயிற்றுவிக்கச் செலவிட்ட உழைப்புக்கு ஏற்ற பலன் கிட்டவில்லை. மீண்டும் மீண்டும் ஷெப்பர்டுகளுடன் சேர்த்ததில் நான்காம் தலைமுறையில் ஓநாயின் பங்கு 6.25 சதவீதமாகக் குறைந்தது. மூன்றாம், நான்காம் தலைமுறைகளில்தான் மற்ற நாய்களைப் போலவே பயிற்சி பெற்றுப் படையில் பணியாற்றும் நாய்கள் கிடைத்தன. பிரீத்தாவுக்குப் பின்னும் வெவ்வேறு காலங்களில் மூன்று ஓநாய்கள் இந்த வம்சத்தில் சேர்க்கப்பட்டன. கடைசிச் சேர்க்கை 1983-இல் நடந்தது. 1999-இல் பன்னாட்டு நாய் வளர்ப்புக் கூட்டமைப்பு இதை முழுமையாக ஏற்றது. ஆண் நாய் குறைந்தது 65 சென்டிமீட்டர் உயரமும் 26 கிலோ எடையும் கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. அந்த உயரத்துக்கு இந்த எடை குறைவாகத் தோன்றலாம். ஓய்வின்றி ஓடுவதற்கென்றே அமைந்த உடல் இது. 100 கிலோமீட்டர் வரை நீளும் ஓட்டச் சோதனைகளில் இந்நாய்களைப் பங்கேற்கச் செய்யும் வழக்கம் செக், ஸ்லோவாக்கிய வளர்ப்பாளர்களிடம் உண்டு.

அதன் காவல் முறையை நான் நேரில் கண்டது ஒரு மழைக்காலத்து மாலையில். சோலையை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில், பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்த வேளையில், அண்ணனும் நானும் அதை வாரில் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று அது நின்றது. குரைக்கவில்லை, உறுமவும் இல்லை. காதுகளை முன்னே நிமிர்த்தி, காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பி, ஓர் அடி கூட எடுத்துவைக்க மறுத்தது. நான் முன்னே நடக்க முற்பட்டபோது அண்ணன் என் தோளைப் பிடித்து, "நில்லுங்க தம்பி, இவ காரணமில்லாம நிக்க மாட்டா," என்றார். சற்று நேரத்தில் எங்களுக்குக் கீழே இருந்த தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து காட்டெருமை ஒன்று எழுந்து, கன்றோடு பாதையைக் கடந்து சோலைக்குள் போனது. எங்கள் வீட்டு நாயாக இருந்திருந்தால் குரைத்துக்கொண்டே பாய்ந்து, மிரண்ட காட்டெருமையை எங்கள் மீதே திருப்பி விட்டிருக்கும். கன்றோடு நிற்கும் காட்டெருமை எவ்வளவு ஆபத்தானது என்பதை இம்மலையில் வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இதே அமைதி, வாசலில் கட்டிவைக்க நாய் தேடுபவர்களுக்கு ஏமாற்றத்தையே தரும். வீட்டுக்கு அந்நியர் வந்தாலும் இது பெரும்பாலும் பின்வாங்கி நின்று கவனிக்குமே தவிர, குரைத்து ஊரைக் கூட்டாது.

தனிமையை இது தாங்குவதில்லை. வீட்டார் எல்லோரும் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு வந்தபோது கதவின் கீழ்ப்பாதி கடித்துக் குதறப்பட்டிருந்தது. கம்பிவேலியையும் ஏறிக் கடந்துவிடும் என்பதால், அதன் மேற்பகுதியை உட்புறமாக வளைத்திருக்கிறார்கள். அலுப்பூட்டும் ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுத்தால் அண்ணனின் மகள் ஒளித்துவைத்த கையுறையைக் கொட்டும் மழையிலும் மோப்பம் பிடித்து எடுத்துவரும். இரவில் அது வீட்டுக்குள்தான் உறங்குகிறது, ஏனெனில் சிறுத்தை நடமாடும் ஊரில் எந்த நாயையும் வெளியே விடுவது சரியன்று. தடுப்பூசிகளையும் அண்ணன் தவறவிடுவதில்லை. நாயிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் காட்டிலுள்ள செந்நாய்களையும் தாக்கக்கூடியவை என்பதால், காட்டோரத்தில் நாய் வளர்க்கும் எல்லோருக்கும் இந்தக் கடமை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதைப் பார்க்க வருகிறவர்களில் பலர் குட்டி கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கை, தடைசெய்யப் பரிந்துரைத்த நாய் வகைகளின் பட்டியலில் ஓநாய் நாய்களையும் சேர்த்திருந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. சட்டம் எவ்வாறாயினும், நாள்தோறும் மலையேறி நடக்கவும், வீட்டில் எப்போதும் ஒருவர் உடனிருக்கவும் இயலாதவர்கள் இதை வாங்க நினைக்கவே கூடாது என்பது என் கருத்து. தோட்டத்து வீட்டுக்குக் காவல் வேண்டுமென்றால் நம் கோம்பை நாயோ நல்ல நாட்டு நாயோ போதும். அவை குரல் கொடுக்கும், நம் மண்ணுக்குப் பழகியவை, இங்கேயே கிடைக்கின்றன.