லோராவா, சிம்மா? தோட்டத்தில் மாட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஒத்தக்கடை:
கிணற்று நீர்மட்டம் பார்க்க ஆறு லோரா சென்சார் (சிம் இல்லாமல், ரேடியோவில் கிலோமீட்டர் கணக்கில் சின்னச் செய்தி அனுப்பும்). அந்தச் செய்தியை வாங்கி இன்டர்நெட்டுக்குத் தள்ளும் கேட்வே பெட்டி எங்கள் மொட்டை மாடியில். மேலூர் ரோட்டுப் பக்கம் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்ததுகூட ஒரு தடவை தவறவில்லை. ஆறாவது, யானைமலைக்கு அந்தப் பக்கம், இரண்டே கிலோமீட்டர். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பாக்கெட் (செய்தி) வந்தாலே அதிகம். ஆன்டெனாவை மாற்றினேன், கம்பத்தை உயர்த்தினேன். ஒரு சாயங்காலம் அந்தக் கிணற்று மேட்டில் நின்று எங்கள் வீடு எந்தத் திசை என்று தேடினேன். எதிரே மொத்தமும் கல். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை, மேப்பில் தூரம் அளந்தபோது நினைப்பில் வரவே இல்லை.

கேட்வேயிலிருந்து பதில் கிடைக்காத அந்த நோட் (சென்சார் பெட்டி) தானாகவே எஸ்எஃப் 12-க்கு ஏறியிருந்தது. எஸ்எஃப் எண் கூடக் கூடத் தூரம் எட்டும், ஆனால் அனுப்ப நேரம் பிடிக்கும். பத்து பைட் அனுப்ப எஸ்எஃப் 7-ல் 60 மில்லி விநாடி போதும். 12-ல் ஒன்றரை விநாடி கத்த வேண்டும். மற்ற ஐந்தும் இரண்டு வருடமாக அதே பேட்டரியில் ஓடுகின்றன, இது நாலு மாதத்தில் தீர்ந்தது.

வாடிப்பட்டி தோப்பு:
எனக்குத் தூரம் பிரச்சினையே இல்லை. மோட்டார் ஸ்டார்ட்டரில் லோரா. நான் மதுரையில், அப்பா தோப்பு வீட்டில். ராத்திரி கரண்ட் வந்து மோட்டார் ஓடுகிறது, கிணற்றில் தண்ணீர் இல்லை. போனில் ஆஃப் அழுத்தினேன். ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தது. மோட்டார் நிற்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். டார்ச்சோடு ஓடுகிறார், போனில் அவர் மூச்சிரைப்பும், பின்னால் வெறும் காற்றை இழுக்கிற மோட்டார் சத்தமும். பெட்டியைத் திறந்ததும், “கருகுற வாடை அடிக்குதுப்பா” என்றார்.

விஷயம் இதுதான்: நோட் கிளாஸ் ஏ என்கிற வகை. தான் பேசி முடித்ததும் இரண்டு தடவை கொஞ்ச நேரம் காது கொடுக்கும், அப்புறம் தூங்கிவிடும். நாங்கள் வைத்திருந்தது 15 நிமிடத்துக்கு ஒரு பேச்சு, நான் அழுத்திய ஆஃப் அடுத்த பேச்சு வரை காத்திருந்தது. கரண்ட் இருக்கிற பெட்டியில் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் கிளாஸ் சி-யே போட்டிருக்கலாம். மாட்டியவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

விளாங்குடி:
ஒத்தக்கடை நண்பரே, முதலிலேயே என்பி-ஐஓடி சிம் (மொபைல் டவர் வழியாகச் சின்னக் கருவிகள் பேசும் முறை) போட்டிருக்க வேண்டும். எங்கள் அபார்ட்மென்ட்டில் தண்ணீர் மீட்டர் தரைக்குக் கீழே, மேலே இரும்பு மூடி. போனில் ஒரு கோடுகூட இல்லாத இடத்திலிருந்து மீட்டர் பேசியது. என் கதை அவ்வளவுதான்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். 4ஜி கோடு தெரிகிறது என்று நம்பாதீர்கள், அந்த டவரில் என்பி-ஐஓடி திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மாட்யூலை அந்தக் கிணற்றடிக்கே எடுத்துப்போய் ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். பேசாத நேரத்தில் தூங்கவைக்கும் பவர் சேவிங் மோட் இல்லாமல் பேட்டரி நிற்காது. அனுப்பும் நொடியில் கரண்ட் குபீரென்று ஏறும். சின்ன லித்தியம் செல் தாங்காது, கூடவே கெபாசிட்டர் வையுங்கள். லோராதான் என்றால் 915 மெகாஹெர்ட்ஸ் போர்டு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள், நம் நாட்டில் லோராவானுக்கு (லோரா நெட்வொர்க் முறை) 865 மெகாஹெர்ட்ஸ் பட்டைதான்.

ஒத்தக்கடை:
அண்ணே, சிம்மும் போட்டுப் பார்த்தேன். அந்தக் கிணற்றடியில் அதுவும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் ஆறு கிணற்றுக்கு ஆறு சிம், விவசாயி வீட்டில் மாசாமாசம் யார் கட்டுவது? உங்கள் மீட்டருக்கு அது சரி, இங்கே சரிப்படாது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மளிகைக்கடை மாடியில் இரண்டாவது கேட்வே வைத்தேன். மறுநாளே அந்த நோட் எஸ்எஃப் 8-க்கு இறங்கியது.

வாடிப்பட்டி, அப்பா எப்படி இருக்கிறார்?

வாடிப்பட்டி தோப்பு:
நன்றாக இருக்கிறார். காயில் கட்டி வந்தாச்சு, பெட்டியை கிளாஸ் சி-க்கு மாற்றியாச்சு. இப்போது அழுத்தினால் உடனே நிற்கிறது. ஆனாலும் ராத்திரி கரண்ட் வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.