நீரில்லாத ஆற்றங்கரையில்: அவுஸ்திரேலியக் கண்டத்தைக் கண்டவர்களின் அனுபவங்கள்

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை

கொழும்பில் உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு இருபத்தாறு ஆண்டுகள் புவியியல் கற்பித்தேன். அவுஸ்திரேலியாவின் தேசப்படத்தில், கண்டத்தின் நடுப்பகுதியிலுள்ள ஆறுகள் விட்டுவிட்டு வரையப்பட்ட நீலக் கோடுகளாகவே இருக்கும். "இவை எப்போதாவது ஓடும் ஆறுகள்" என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு, அடுத்த பாடத்திற்குப் போய்விடுவேன். அந்தக் கோட்டின் பொருள், மகள் தாதியாகப் பணிபுரியும் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு ஒரு யூலை மாதம் சென்றபோதுதான் எனக்கு விளங்கியது.

மகள் என்னை ரொட் ஆற்றைப் பார்க்க அழைத்துச் சென்றாள். கரையில் நின்று பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் மணல். ஆற்றின் நட்டநடுவே பருத்த யூக்கலிப்ரஸ் மரங்கள் நின்றன. அவற்றின் அடியில் சில குடும்பங்கள் அமர்ந்து உணவருந்திக்கொண்டிருந்தன. நான் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கிக் குந்தியிருந்து, இரு கைகளாலும் தோண்டிப் பார்த்தேன். முழங்கையளவு ஆழத்தில் மணல் சற்றுக் கருத்து, கைக்குக் குளிர்ந்தது. மேலே ஓடாத ஆறு கீழே ஈரமாக இருக்கிறது என்பதையும், அந்த மரங்கள் எதைக் குடித்து வாழ்கின்றன என்பதையும் எந்தப் பாடநூலும் எனக்கு அவ்வாறு உணர்த்தியதில்லை. அந்த மணற்படுகையில் 1962ஆம் ஆண்டு முதல் படகோட்டப் போட்டி நடத்துகிறார்கள். அடிப்பலகை இல்லாத படகைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே போட்டி. 1993ஆம் ஆண்டு ஆற்றில் நீர் வந்துவிட்டதால் அதைக் கைவிட வேண்டியதாயிற்று என்று மகள் சொன்னாள்.

ஆண்டுக்குச் சுமார் 2400 மில்லிமீற்றர் மழை பெறும் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, அலிஸ் ஸ்பிரிங்ஸின் 280 மில்லிமீற்றரைக் கற்பனை செய்வதே கடினம். இந்த வறட்சிக்கான காரணம் நமது பக்கத்திலிருந்தே தொடங்குகிறது. பூமத்தியரேகையை அண்டிய வெப்பத்தில் மேலெழும் காற்று, தன் ஈரத்தையெல்லாம் அங்கேயே மழையாகக் கொட்டிவிட்டு, உயரத்தில் துருவங்களை நோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 30 பாகை அகலக்கோட்டை அண்டிய பகுதிகளில் கீழிறங்குகிறது. அவ்வாறு இறங்கும் காற்று அமுக்கப்பட்டுச் சூடேறுவதால், அங்கே முகில் திரள்வது அரிதாகிறது. அவுஸ்திரேலியாவின் பெரும்பகுதி இந்த உயர் அமுக்க வலயத்தின் கீழேதான் விரிந்து கிடக்கிறது. போதாக்குறைக்கு, காற்றைத் தடுத்து மழையாக்கக்கூடிய உயர்ந்த மலைகளும் உள்நாட்டில் இல்லை. கிழக்குக் கரையோரமாக நீண்டு செல்லும் பெரும் பிரிப்பு மலைத்தொடர், பசுபிக் காற்றின் ஈரத்தைக் கரையிலேயே வாங்கிக்கொள்கிறது. அத்தொடரில் உள்ள கொசியஸ்கோ சிகரமே கண்டத்தின் தலைநிலத்தில் மிக உயரமானது. அதன் உயரம் 2228 மீற்றர். நமது பிதுருதலாகலையின் உயரம் 2524 மீற்றர். இலங்கையைப் போல் நூறு மடங்கிற்கும் மேற்பட்ட பரப்புடைய ஒரு நிலம், நமது நுவரெலியா மலையின் உயரத்தைக்கூட எட்டவில்லை என்பதை மாணவிகளிடம் ஒருநாளும் நான் ஒப்பிட்டுக் காட்டவில்லை என்ற மனக்குறை இன்றும் எனக்கு உண்டு.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலைவனம் என்றதும் வெப்பத்தையே நினைத்துப் பருத்திச் சேலைகளோடு போயிருந்தேன். பகலில் இருபது பாகை செல்சியஸ். விடியற்காலையில் நான்கு பாகைக்கும் கீழே. முற்றத்தில் நின்ற காரின் கண்ணாடியில் வெள்ளை வெளேரென்று உறைபனி படிந்திருந்தது. வெள்ளவத்தையில் நமது இரவைக் கதகதப்பாக வைத்திருப்பது கடலும் காற்றிலுள்ள ஈரமுமே. அங்கே வானத்தில் முகிலும் இல்லை, காற்றில் ஈரமும் இல்லை. பகலில் நிலம் வாங்கிய வெப்பம் இரவில் அப்படியே வானத்திற்குப் போய்விடுகிறது.

முகத்துவாரம், கப்பற் பொறியியலாளர்

ரீச்சர் உள்நாட்டை எழுதியிருக்கிறார். நான் கண்டது வடமேற்குக் கரையை மட்டுமே. இரும்புத் தாது ஏற்றும் கப்பல்களில் பணியாற்றியபோது போர்ட் ஹெட்லாண்ட் துறைமுகத்திற்குப் பல தடவைகள் சென்றிருக்கிறேன். கொழும்புத் துறைமுகத்தில் வற்றுப் பெருக்கிற்கு இடையிலான வேறுபாடு ஒரு மீற்றரைக்கூடத் தொடுவதில்லை. ஆகையால் அதைப் பற்றி நாம் பெரிதாகக் கவலைப்படுவதும் இல்லை. அங்கோ அது ஏழு மீற்றர் அளவுக்கு உயர்ந்து தாழும். காலையில் பார்த்த கடற்பரப்பு பிற்பகலில் சேற்றுவெளியாகக் கிடக்கும். அக்கரைக்கு அப்பால் கடலடியில் பரந்து கிடக்கும் ஆழமற்ற கண்டமேடையில் ஏறி வரும்போது வற்றுப் பெருக்கு அலை உயர்ந்துவிடுவதே இதற்குக் காரணம். தாது ஏற்றிய கப்பல்கள் பெருக்கு நேரத்தைக் கணக்கிட்டு, அந்தச் சில மணித்தியாலங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேற வேண்டும்.

அந்த இரும்புத் தாதின் செந்தூள் என் மேலங்கியின் தையல்களிலிருந்து இன்னும் போகவில்லை. கொழும்பில் கபொக் என்று நாம் அழைக்கும் செம்பூராங்கல்லுக்கு நிறம் கொடுப்பதும் இரும்புத் துருதான் என்றாலும், அந்தத் துறைமுகத்திற்குத் தாது வரும் பில்பரா பகுதியின் இரும்புப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஒட்சிசனோடு கடல்நீரிலிருந்த இரும்பு சேர்ந்து அடியில் படிந்ததால் உருவானவை. மரமோ மீனோ தோன்றாத காலத்துக் கடலடியைத்தான் நாங்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தோம். இதே பகுதியிலுள்ள மார்பிள் பார் என்ற சிற்றூரில், 1923 ஒக்டோபர் இறுதியிலிருந்து தொடர்ச்சியாக 160 நாட்கள் வெப்பநிலை 37.8 பாகை செல்சியஸைத் தொட்டோ தாண்டியோ இருந்ததாகப் பதிவு உண்டு.

கொட்டாஞ்சேனை, சிட்னியில் பட்டப்படிப்பு முடித்துத் திரும்பியவர்

நான் சிட்னியில் இருந்தது 2019ஆம் ஆண்டு. அவுஸ்திரேலியாவில் பதிவுகள் தொடங்கிய பின்னர் மிக வெப்பமானதும் மிக வறண்டதுமான ஆண்டு அதுவே. நாடு முழுவதற்குமான சராசரி மழை 277 மில்லிமீற்றர் மட்டுமே. நவம்பர், டிசம்பர் மாதங்களில் காட்டுத்தீயின் புகை நகரத்தை மூடியது. நண்பகலில் சூரியன் குங்குமப்பொட்டுப் போலச் சிவந்து, வெறுங்கண்ணால் பார்க்கக்கூடியதாக இருந்தது. உலர்த்தப் போட்ட வெள்ளைச் சட்டையில் கரிந்த இலைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன; தொட்டவுடன் அவை பொடியாகிக் கறையாகப் பரவின.

அந்த நாட்களில் அம்மா கொழும்பிலிருந்து தொலைபேசியில், "இங்கே மழை விடுகிறதே இல்லை, துணி ஒன்றும் காயவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்பதைப் பின்னர் வகுப்பில் அறிந்தேன். இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதி வழமையைவிடச் சூடாகவும், சுமாத்திராவை அண்டிய கிழக்குப் பகுதி குளிர்ந்தும் போகும் ஆண்டுகளில், மழை முகில்கள் மேற்கே நகர்ந்துவிடுகின்றன. அப்போது ஒக்டோபர் முதல் இலங்கையில் மழை கூடும். அவுஸ்திரேலியாவின் தெற்கும் கிழக்கும் காய்ந்துபோகும். 2019இல் இந்த வேறுபாடு மிகக் கடுமையாக இருந்தது. கொட்டாஞ்சேனையில் காயாத துணிக்கும் என் சட்டையில் விழுந்த கரிக்கும் ஒரே கடல்தான் காரணம் என்று அம்மாவுக்கு விளக்கியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை.

தெஹிவளை

அவுஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வினில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். மே முதல் செப்ரெம்பர் வரை துளி மழை காண்பது அரிது. நவம்பருக்குப் பின்னர் நமது சோளகத்தையும் வாடையையும் ஒன்றாகச் சேர்த்தது போலக் கொட்டும். மழைக்கு முந்திய வாரங்களின் புழுக்கம், சித்திரை மாதக் கொழும்பை அப்படியே நினைவூட்டும். 1974 நத்தார் தினத்தில் ட்ரேசி புயல் அந்நகரின் வீடுகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. இன்று காணும் டார்வின் அதன் பின்னர் மீளக் கட்டப்பட்டது.

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை

டார்வின் மழையைப் பற்றித் தெஹிவளைத் தம்பி எழுதியதைப் படித்ததும், விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கிறேன். வடக்கே பெய்யும் அந்தப் பருவமழை சில ஆண்டுகளில் தெற்கே நீண்டு, கண்டத்தின் நடுப்பகுதி வரை வந்துவிடும். நான் திரும்பி வந்த அடுத்த தை மாதம், அதிகாலை மூன்று மணிக்கு மகள் என்னை எழுப்பி, கைத்தொலைபேசியை ஆற்றின் பக்கம் திருப்பிக் காட்டினாள். விளக்கு வெளிச்சத்தில், நான் குந்தியிருந்த அதே மணலின் மேல், சருகுகளையும் சுள்ளிகளையும் நுரையையும் முன்னே தள்ளிக்கொண்டு, ஒருவர் நடக்கும் வேகத்தில், நீரின் நுனி வந்துகொண்டிருந்தது. கரையெங்கும் ஆட்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த நீர் எந்தக் கடலையும் சேர்வதில்லை. தென்கிழக்கே ஓடி, சிம்ப்சன் பாலைவனத்து மணலில் உறிஞ்சப்பட்டுவிடும். நான்காம் நாள் மகள் மீண்டும் படம் அனுப்பினாள். ஆற்றில் நீர் இல்லை. மணலில் அது போன தடம் மட்டும் வரிவரியாக இருந்தது.