பாலாற்றோரம் 100 வீடு: உறிஞ்சுகுழி போதுமா, பொதுச் சுத்திகரிப்பு வேணுமா?

கரைவாசி:
வேலூர் பக்கம் ஆற்றோரக் கிராமம், 400 பேர். மணல் தரை. மழைக்காலத்தில் 3 மீட்டரிலேயே தண்ணீர். குடிநீர் ஊர் உறைகிணற்றிலிருந்து. இங்கே கழிவறைக்கு வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி (கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) போடுவதை நான் எதிர்க்கிறேன். எல்லா வீட்டுக் கழிவுநீரையும் ஒரே இடத்தில் சுத்திகரிக்கணும்கிறேன். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் 2 மீட்டர் இடைவெளி வேணும். அப்போ குழி 1 மீட்டர்தான் இறங்கும். கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்கணும். நெருக்கமான தெருவில் இதுக்கு இடம் ஏது?

காட்பாடி மேஸ்திரி:
அண்ணே, அதுக்கு வழி இருக்கு. குழியைச் சுற்றி அரை மீட்டர் நுண்மணல் உறை கொடுத்து, அடியை கான்கிரீட்டால் மூடிட்டா கிருமி தாண்டாது. பொதுச் சுத்திகரிப்புன்னு கட்டிட்டு மோட்டார் ரிப்பேர், கரண்டு பில்லுன்னு பூட்டி வைக்கத்தான் போறாங்க.

கரைவாசி:
நுண்மணல் கிருமியைப் பிடிக்கும், சரி. கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டைப் பிடிக்காது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும். கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை. அப்புறம், நான் சொல்வதில் மோட்டாரே கிடையாது. வீட்டு செப்டிக் டேங்கில் கசடு தங்கும், தெளிந்த நீர் மட்டும் 110 மி.மீ. பிவிசி குழாயில் சரிவிலேயே ஓடும். ஆளுக்கு 80 லிட்டர் வைத்தால் நாளுக்கு 32,000 லிட்டர். அதை 8 மணி நேரத்தில் வருவதாகக் கணக்கிட்டால் மணிக்கு 4 கன மீட்டர். அது போய்ச் சேருவது தடுப்பறைத் தொட்டி, அதாவது சுவர் வைத்து அறை அறையாகப் பிரித்த தொட்டி. அதில் நீர் மேலேறும் வேகம் மணிக்கு 1 மீட்டருக்குள் இருக்கணும், இல்லேன்னா கசடைத் தூக்கிட்டு வந்துடும். ஆக ஒவ்வொரு அறையும் 4 சதுர மீட்டர், 2 மீட்டர் ஆழம், ஐந்து அறை. அதுக்கு அடுத்தது கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை, நீர் ஜல்லிக்குள்ளேயே ஊர்ந்து சுத்தமாகும்.

குடியாத்தம் பிளம்பர்:
படுகையைப் பற்றி ஒண்ணு. ஆளுக்கு 1 சதுர மீட்டர்னாலும் 400 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 10 சென்ட். புறம்போக்கு கிடைச்சாலும் ஆறு ஏறுகிற இடமா பார்க்கணும். 2021 நவம்பர் வெள்ளம் மாதிரி வந்தா வண்டல் இறங்கி ஜல்லி அடைச்சுக்கும். ஜல்லியைக் கழுவாம கொட்டினா கிரஷர் தூளே அடைச்சிடும். தண்ணி நுழையும் இடத்தில் ஒன்றரை அங்குல ஜல்லி, நடுவில் முக்கால் அங்குல ஜல்லி. வெளியேறும் குழாயில் திருப்பக்கூடிய எல்போ வைங்க, நீர்மட்டம் ஜல்லிக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே நிக்கும்படி திருப்பி வைக்கலாம். மேலே தண்ணி தேங்கலேன்னா கொசு வராது.

காட்பாடி மேஸ்திரி:
கணக்கு சரிதான். ஆனா அந்தப் படுகையும், நைட்ரேட்டா மாறுற நைட்ரஜனை முழுசா எடுக்காதே?

கரைவாசி:
எடுக்காதுதான். அதனால்தான் கிணற்றுப் பக்கம் விடாம, வெளியேறும் நீரைத் தென்னைக்கோ தீவனப் புல்லுக்கோ பாய்ச்சணும்கிறேன். பயிர் அதை எடுத்துக்கும். பச்சையாத் தின்கிற கீரைக்கு மட்டும் வேண்டாம்.

காட்பாடி மேஸ்திரி:
அப்படின்னா என் எதிர்ப்பு ஒரே இடத்தில்தான். நம்ம பக்கம் செப்டிக் டேங்க்னு சொல்றதில் பல, அடியில்லாத உறைக்குழி. அதில் கசடும் தங்காது, தெளிஞ்ச நீரும் வராது. முதல்ல வீடு வீடா மூடியைத் திறந்து அடி இருக்கா, இரண்டு அறை இருக்கா, வெளிவாயில் டீ குழாய் இருக்கான்னு பார்க்கணும். டீ இல்லேன்னா மேல மிதக்கிற ஏடு நேரா உங்க பிவிசிக்குள்ள போகும். 2, 3 வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து கசடு எடுக்கணும். எடுத்த கசடு செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இருக்கிற மாதிரி உலர்த்தும் படுகைக்குப் போகணும், பாலாற்றுக்கு இல்லை. எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது, ஆளை வைத்துக் கழிவை அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், உள்ளே இருக்கிற வாயு உயிரை எடுத்துடும். இந்தக் கசடு ஏற்பாட்டுக்குத் தீர்மானம் போடாம குழாய்க்குப் பள்ளம் தோண்டினா நான் ஒத்துக்க மாட்டேன்.

கரைவாசி:
அதை முதல் தீர்மானமாவே வைக்கலாம். டேங்க் சோதனைப் பட்டியலை நீங்களே எழுதிக் கொடுங்க.